பாத் டப் வாங்கும் முன் தரையில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்!

வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் பாத்ரூமில்தான் வந்து நிற்கும். டைல்ஸ் இடுக்கில் கறுப்பு, சுவரில் உப்புப் பூத்த தடம், "எங்க சீலிங்ல ஈரம் இறங்குது" என்று கீழ்வீட்டிலிருந்து வரும் புகார். இனி ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது, மொத்தமாக உடைத்துச் செய்துவிடலாம் என்று முடிவானதுமே வீட்டில் ஒருவர் வாய் திறப்பார்: "செய்யறதுதான் செய்யறோம், ஒரு பாத் டப் வெச்சுடலாமே!"

ஆசையில் தப்பே இல்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் நீட்டிப் படுப்பது சுகம்தான். ஆனால் டப் என்பது வாளி மாதிரி இல்லை. பிடிக்கவில்லை என்றால் மொட்டை மாடிக்கு அனுப்பிவிட முடியாது. சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிவிட்டால், அடுத்து எப்போது உடைக்கிறோமோ அதுவரை அது அங்கேதான் இருக்கும். அதனால் டப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கடையில் ஆரம்பிக்காமல், வீட்டில் ஆரம்பிப்போம்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 20 வருடப் பழைய அப்பார்ட்மென்ட், இரண்டாவது மாடி. பெரிய பாத்ரூம் 8 அடிக்கு 5 அடி. வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை, 70 வயதைத் தாண்டிய அம்மா. நம்மில் பலருக்கும் பழக்கமான வீடுதான்.

5 அடி என்பது 5 அடி இல்லை

கடைகளில் அதிகம் கிடைக்கும் டப்புகள் 1500 மில்லிமீட்டர் அல்லது 1700 மில்லிமீட்டர் நீளம். அகலம் 700 முதல் 750 வரை. 1700 என்றால் சுமார் 5 அடி 7 அங்குலம். நம் 5 அடிச் சுவருக்கு இடையில் அது நுழையாது. சரி, 1500 வாங்கிவிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 5 அடி என்பது 1524 மில்லிமீட்டர். மிச்சம் இருப்பது 24 மில்லிமீட்டர்தான். இரண்டு பக்கச் சுவரிலும் பூச்சும் டைல்ஸும் ஏறினால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும்.

அதனால்தான் மூன்று சுவருக்குள் உட்காரும் டப்பை, சுவர் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பொருத்துவார்கள். டைல்ஸ் மேலிருந்து வந்து டப்பின் விளிம்புக்கு மேல் முடிய வேண்டும். அப்போதுதான் சுவரில் வழியும் தண்ணீர் டப்புக்குள் விழும்; பின்பக்கம் இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போகாது. பழைய கட்டடச் சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம். கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவையே கணக்கில் வையுங்கள். அதோடு பாத்ரூம் கதவு நிலையின் அகலத்தையும், மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்துவிடுங்கள். வாசல் வரை வந்த டப் உள்ளே போகாமல் ஹாலில் கிடந்த கதைகள் உண்டு.

அளந்த பிறகு ஒரு சாக்பீஸை எடுத்து, டப் வரப்போகும் இடத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்டுங்கள். அந்தக் கட்டத்துக்குள் கால் வைக்காமல் இரண்டு நாள் பாத்ரூமைப் பயன்படுத்திப் பாருங்கள். கதவு முழுசாகத் திறக்கிறதா? கமோடில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறதா? துணி அலசும் வாளி எங்கே போகும்? கடைக்காரர் சொல்லாததையெல்லாம் அந்தக் கோடு சொல்லிவிடும்.

தரை தாங்குமா?

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 180 லிட்டர் தண்ணீர், 70 கிலோ ஆள், 30 கிலோ அக்ரிலிக் டப். மொத்தம் 280 கிலோ. இது அத்தனையும் சுமார் 1.1 சதுர மீட்டர் இடத்தில் இறங்குகிறது. அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ. அதே இடத்தில் 130 கிலோ வார்ப்பிரும்பு டப் என்றால் 340 கிலோ வரை போகும்.

வீடுகளின் அறைகளுக்கும் பாத்ரூமுக்கும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அது தரை முழுவதற்குமான கணக்கு. ஒரு மூலையில் கொஞ்சம் கூடினால் உடனே ஸ்லாப் விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் பழைய அப்பார்ட்மென்ட்களில் பாத்ரூம் தரையைப் பள்ளமாக இறக்கி, அந்த சங்கன் ஸ்லாப்பில் செங்கல் ஜல்லியை நிரப்பியிருப்பார்கள். அந்த எடை ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. வருடக்கணக்கில் கசிந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கவும் வாய்ப்புண்டு. எனவே "தாங்கும் சார், எத்தனை பார்த்திருக்கோம்" என்ற மேஸ்திரியின் வாக்கு மட்டும் போதாது. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள். டப் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு பெரிதில்லை. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டும் சிக்கனமும் இங்கே வேண்டாம், அதுவும் சுமைதான்.

25 லிட்டர் கீசரும் 180 லிட்டர் டப்பும்

இதை யாரும் கடையில் கேட்பதில்லை. தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கீசரில் 60 டிகிரிக்குச் சூடாகிறது. குளிக்க 40 டிகிரி வேண்டும். இரண்டையும் கலந்தால், 25 லிட்டர் கீசர் ஒரு முறை சூடாக்கியதில் கிடைப்பது சுமார் 67 லிட்டர். 180 லிட்டருக்கு அது மூன்று முறை சூடாக வேண்டும். 2 கிலோவாட் கீசருக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். மூன்றாவது சுற்று வரும்போது முதல் சுற்றுத் தண்ணீர் ஆறிப்போயிருக்கும்!

ஆக, டப் வாங்குகிறீர்கள் என்றால் பெரிய கீசரோ சோலார் ஹீட்டரோ அதோடு சேர்ந்த செலவு. கேஸ் கீசர் என்றால் அதை பாத்ரூமுக்குள் பொருத்தவே கூடாது. காற்றோட்டமில்லாத அறையில் சேரும் கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் உயிரைப் பறித்துவிடும்.

அடுத்தது தண்ணீர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதுதான் நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவு. குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க எல்லாம் அதற்குள்தான். ஒரு டப் குளியல் அதைத் தாண்டிவிடுகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்றதை சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தினமும் டப் என்பது நமக்குக் கட்டுப்படியாகாது. மாதத்தில் இரண்டு நாள் என்றால் சரி. அந்த இரண்டு நாளுக்காக மற்ற 28 நாளும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கத் தயாரா என்பதையும் யோசியுங்கள்.

எதில் செய்தது நல்லது?

அக்ரிலிக்: எடை குறைவு, தொட்டால் ஜில்லென்று இருக்காது, மாடி வீடுகளுக்கு ஏற்றது. கரகரப்பான ஸ்க்ரப்பர் பட்டால் கீறல் விழும். வாங்கும்போது அடிப்பாகத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம்.

எனாமல் பூசிய ஸ்டீல்: உறுதியானது, பளபளப்பு நிற்கும். கனமான பொருள் விழுந்தால் எனாமல் தெறித்து, அந்த இடத்தில் துரு பிடிக்கும்.

வார்ப்பிரும்பு: சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும். எடை காரணமாகத் தரைத்தளத்துக்கு மட்டும் யோசிக்கலாம்.

போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் எந்த டப்பிலும் வெள்ளை உப்புப் படியும். ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் குளித்து முடித்ததும் துணியால் துடைத்துவிடுவதே நல்ல வழி. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை டப்பில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். நல்லெண்ணெய் படிந்த டப்பில் கால் வைப்பது ஆபத்து. சீயக்காய்த் தூள் வடிகாலில் போய் அடைத்துக்கொள்ளும்.

அம்மாவின் கால்

எல்லாக் கணக்கும் சரியாக வந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. டப்பின் விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி உயரம். முழங்கால் வலி உள்ள அம்மா, ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலை அந்த உயரத்துக்குத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். வெளியே வரும்போது இன்னும் கஷ்டம். உடம்பு முழுக்க ஈரம். வெந்நீரில் நெடுநேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும்.

இதை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "புதுசா ஆசையா செஞ்சிருக்காங்க" என்று நினைத்துக்கொள்வார்கள். தினமும் குளிப்பவர் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்க ஆரம்பிப்பார். கேட்டால் "சளி பிடிச்சிருக்கு" என்பார். யார் துணையும் இல்லாமல் தானே கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பது வயதானவர்களுக்கு வெறும் சுத்தம் சம்பந்தப்பட்டது இல்லை. அது அவர்களுடைய சுயமரியாதை. ஒரு முறை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பிறகு அந்தக் கதவைத் தனியாகச் சாத்தவே முடியாமல் போகலாம்.

பக்கவாட்டில் கதவு வைத்த டப்புகள் இருக்கின்றனவே என்பீர்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் தண்ணீரை நிரப்ப முடியும். குளித்து முடித்ததும் முழுக்க வடியும்வரை ஈர உடம்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. ஒரு சாண்கூட ஆழமில்லாத தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். டப்பில் குழந்தை இருக்கும்போது போன் அடித்தாலும் வாசல் மணி அடித்தாலும் விட்டுவிட்டு நகரக் கூடாது. குளித்ததும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தத் தோதான பாத்ரூம் ஒன்றே ஒன்றுதான் என்றால், டப் வேண்டாம். அதே 5 அடிக்கு இரண்டரை அடி இடத்தில், படி இல்லாமல் தரை மட்டத்தில் ஷவர் பகுதி அமைத்து, சொரசொரப்பான டைல்ஸ் போட்டு, உட்கார்ந்து குளிக்க ஒரு திண்டு கட்டிவிடுங்கள். சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். டவல் ஸ்டாண்டைக் கைப்பிடியாக நம்பக் கூடாது. ஆள் எடையை அது தாங்காது.

இரண்டு பாத்ரூம் இருந்து, ஒன்று தரை மட்ட ஷவரோடு அம்மாவுக்கென்று இருந்தால், மற்றதில் தாராளமாக டப் வையுங்கள். அப்போது வேலையாட்களிடம் கேட்டு வாங்க வேண்டியவை:

* டப் வைக்கும் முன், வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் வடிகாலை அடைத்து, தரையில் குறைந்தது ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டும். கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்து, ஈரம் இல்லை என்றால்தான் அடுத்த வேலை. அப்பார்ட்மென்ட் சங்கத்துக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

* டப்புக்கு அடியிலும் வடிகாலை நோக்கிச் சரிவு இருக்க வேண்டும். பக்கவாட்டில் கழற்றக்கூடிய ஒரு பலகை இருந்தால், குழாய் அடைத்தாலோ கசிந்தாலோ டைல்ஸை உடைக்க வேண்டியதில்லை.

* தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க மேலே ஓவர்ஃப்ளோ துளை இருக்கிறதா, அது வடிகால் குழாயோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

* மோட்டார் வைத்த ஜக்குஸி வகை என்றால் எர்த்திங்கும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

கடையில் டப்பைப் பார்க்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். முதுகு சாய்கிறதா, எழுந்திருக்கக் கைப்பிடி எட்டுகிறதா என்று பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், புடவையைப் பிரித்துப் பார்த்து வாங்குகிற நமக்கு இதில் என்ன வெட்கம்?

இன்னொன்று. இன்றைக்கு 45 வயதில் ஆசைப்பட்டு வைக்கும் டப், 65 வயதிலும் அங்கேதான் இருக்கும். அப்போது அந்த விளிம்பைத் தாண்ட வேண்டியது நம் முழங்கால். அதற்கும் சேர்த்தே அளவெடுங்கள்.