திருநீர்மலை மழையும் 22 ஆயிரம் மைல் உயரத்துக் கண்ணும்

திருநீர்மலைப் பெருமாளைச் சேவிக்க வந்தார், திருமங்கை ஆழ்வார். மலையைச் சுற்றி ஒரே வெள்ளம். நீர் வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது ஐதீகம்.

2015-ம் ஆண்டு டிசம்பரில் அந்த வெள்ளம் வெறும் கதையாக இல்லை. பக்கத்தில் ஓடும் அடையாறு கரை புரண்டது. டிசம்பர் 2-ந் தேதி காலை வரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 சென்டிமீட்டர்!

மேலே செயற்கைக் கோள் இருந்தும் இந்தக் கணக்கு ஏன் முன்கூட்டியே தெரியவில்லை? நியாயமான கேள்வி. பதில் அந்தக் கோள் பார்க்கும் விதத்தில் இருக்கிறது.

ராட்டினக் குதிரை

வானிலையைப் பார்க்கும் இந்தியாவின் "இன்சாட்" செயற்கைக் கோள்கள், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 22 ஆயிரம் மைல் உயரத்தில் உள்ளன. அதாவது 36 ஆயிரம் கிலோ மீட்டர்.

அவை நிற்பதுபோல் தோன்றும். ஆனால் மணிக்கு 11 ஆயிரம் கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன! பூமி ஒரு முறை சுழலும் நேரத்தில் அவையும் ஒரு சுற்று வருகின்றன. திருவிழா ராட்டினத்தில் உள்வரிசைக் குதிரையில் இருக்கும் பையனுக்கு, வெளிவரிசைக் குதிரை எப்போதும் பக்கத்திலேயே இருக்கும் அல்லவா? அப்படித்தான்.

அதனால் வங்கக் கடல் எந்நேரமும் அவற்றின் பார்வையிலேயே இருக்கிறது. 2016-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டி.ஆர்., 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து சென்ற இன்சாட்-3டி.எஸ். ஆகியவை அரை மணிக்கு ஒரு படம் எடுக்கக் கூடியவை.

இருட்டிலும் தெரியும்

பகலில் சூரிய வெளிச்சத்தில் படம் எடுக்கலாம். இரவில்? மேகத்தில் இருந்து வரும் வெப்பக் கதிர்களைக் கருவி உணர்கிறது. மேகம் எவ்வளவு உயரமோ, அதன் உச்சி அவ்வளவு குளிர்ச்சி. பெரிய இடிமேகத்தின் உச்சியில் பனிக்கட்டிதான் இருக்கும். அது படத்தில் வெள்ளை வெளேர் என்று விழுகிறது.

கண்ணுக்குத் தெரியாத நீராவியையும் தனியாகப் பார்க்கிறார்கள். அடுத்தடுத்த படங்களில் மேகம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்து, காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறார்கள். காற்றை அளக்க ஆள் போக முடியாத நடுக்கடலில் இது பேருதவி.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாசஞ்சர் ரயில் ஒன்று பயணிகளோடு கடலுக்கு இரையானது. அன்று ஒரே இடத்தின் மேல் இருந்து இரவு பகலாக மேகத்தைப் பார்க்கும் செயற்கைக் கோள் உலகில் எங்குமே கிடையாது. இன்று ஒரு புயல் யாருக்கும் தெரியாமல் கரைக்கு வர முடியாது.

மேகத்தின் முதுகு

ஆனால் செயற்கைக் கோள் பார்ப்பது மேகத்தின் முதுகைத்தான், வயிற்றை அல்ல. உச்சி குளிர்ந்திருந்தால் கீழே பெருமழை இருக்கும் என்பது ஊகம். பல சமயம் சரியாக வரும். சில சமயம் உயரத்தில் மெல்லிய மேகம் மட்டும் பரவியிருக்கும். படத்தில் வெள்ளையாகத் தெரியும். தரையில் ஒரு சொட்டு விழாது!

2015-ல் அதே 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பெய்தது 29 சென்டிமீட்டர். தாம்பரத்துக்கும் அதற்கும் இடையே 30 கிலோ மீட்டர் கூட இல்லை. கன மழை எச்சரிக்கை முன்பே வந்தது உண்மை. எந்த ஊரில் எவ்வளவு என்பதுதான் பிடிபடவில்லை.

2023 டிசம்பரில் வந்த "மிச்சாங்" புயலும் ஒரு பாடம். அது ஆந்திராவில் கரை கடக்கும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அப்படியே 5-ந் தேதி பாபட்லா அருகே கடந்தது. ஆனால் அதற்குமுன் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக ஊர்ந்தது. முடிச்சூரும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் தத்தளித்தன.

மேகத்தின் வயிற்றைப் பார்க்க ராடார் வேண்டும். அது அனுப்பும் ரேடியோ அலை மழைத் துளியில் பட்டுத் திரும்புகிறது. சென்னைத் துறைமுகத்திலும் பள்ளிக்கரணையிலும் ராடார்கள் உள்ளன. புயல் சின்னம் உருவானதை நாள் கணக்கில் முன்பே காட்டுவது செயற்கைக் கோள். அடுத்த சில மணி நேரத்தில் மழை எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டுவது ராடார்.

தாம்பரத்தின் 49 சென்டிமீட்டரைச் சொன்னது இவை இரண்டும் அல்ல. திறந்த வெளியில் வைத்திருந்த மழைமானி!