விமானிக்கு உரிய கூலி

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர்தான் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணித்து நியூவார்க்கில் பணிக்கு வந்த அவர், ஊழியர் ஓய்வறையில் கண்ணயர்ந்தார். விபத்துக்குத் தலைமை விமானியின் தவறான கையாளலே முதன்மைக் காரணம் என்றது புலனாய்வு வாரியம். அதற்காக அந்தச் சம்பளத்தை மன்னித்துவிட முடியாது.

அந்த விபத்துக்குப் பின், 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் கட்டாயம். அதைச் சேர்க்க இளைஞர்கள் சொற்பக் கூலிக்கு விமானப் பயிற்சி தருகிறார்கள், வானில் விளம்பரப் பதாகை இழுக்கிறார்கள். கற்க அது நல்ல களம், போகட்டும். வாடகைக்கும் உறக்கத்துக்கும் போதாத வேலையை மட்டும் துணிந்து மறுக்க வேண்டும். பணிநேர வரம்பைப் போலக் குறைந்தபட்ச ஊதியத்தையும் பாதுகாப்பு விதியாக்குவது அரசின் பொறுப்பு.