அலங்காரம் இருக்கட்டும், பொத்தான் நகர வேண்டாம்

ஏடிஎம் இயந்திரத்தின் எண்பலகையில் 5 என்னும் விசையின்மேல் சிறு புள்ளியொன்று புடைத்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பார்வையற்றவர் அதைத் தொட்டறிந்தே மற்ற எண்களை அடைகிறார். எந்த ஊருக்குச் சென்றாலும் அது அதே விசையில் இருப்பதே அதன் பயன்.

கைப்பேசிச் செயலிக்கும் இந்நெறி பொருந்தும். 2012இல் வெளியான விண்டோஸ் 8, பல ஆண்டுகளாகத் திரையின் கீழ் மூலையில் இருந்த ‘ஸ்டார்ட்’ பொத்தானை நீக்கியது. பயனர்களின் அதிருப்தியைக் கண்டபின், 2013இல் வந்த 8.1 பதிப்பில் அப்பொத்தான் திரும்ப வந்தது. பழகிய இடத்தைக் கை எளிதில் மறப்பதில்லை.

அழகே கூடாதென்று எவரும் கூறார். தீபாவளியன்று செயலியின் முகப்பில் ஓர் அகல்விளக்கு ஒளிர்வது மகிழ்ச்சியே. ஆயினும் அவ்விளக்குக்கு இடம்விட்டு ‘பணம் அனுப்பு’ பொத்தான் நகர்தல் தகாது. செலுத்துவதும் பெறுவதும் ஒரே நிறத்தில் மயங்குதலும் தகாது.

யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. ‘பணம் பெற எண்ணை இடுங்கள்’ என்போர் நம்பியிருப்பது வாடிக்கையாளரின் குழப்பத்தையே. திரை என்றும் ஒரே ஒழுங்கில் இருந்தால் போலி உடனே கண்ணில் உறுத்தும். திரை அடிக்கடி மாறினாலோ, போலியும் ‘புதிய மாற்றம்’ போலவே தோன்றும்.

ஆதலால், வங்கிச் செயலியில் சீர்மை என்பது பாதுகாப்பின் ஒரு பகுதி. காரணமின்றிப் பொத்தான்கள் இடம் மாறினால் உங்கள் கிளையில் தெரிவியுங்கள். அது வாடிக்கையாளரின் உரிமை.