குழி அவர்களுடையது, பில் நம்முடையதா?

2015 ஜனவரி 31, விடிவதற்கு முன். ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் பாய்ந்தது. அங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் எழுந்திருக்கவே இல்லை. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள்.

அவர்களைக் கொன்றது திருடனும் இல்லை, ரவுடியும் இல்லை. ஆனால் 'பொதுப் பாதுகாப்பு' என்றதும் நம் கண்முன் வருவது போலீஸ் ஜீப்பும் சிசிடிவி கேமராவும்தான். ஏன்?

பாதுகாப்புக்குப் பணம் வேண்டும், அதற்கென்றே விற்பனையில் ஒரு சின்ன வரி போடலாம், எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வாதம் உண்டு. கலிபோர்னியா மக்கள் 1993-இல் வாக்களித்து, அரை சதவிகித விற்பனை வரியைப் போலீசுக்கும் தீயணைப்புக்கும் ஒதுக்கிக்கொண்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி வந்தபிறகு ஆம்பூர் நகராட்சி நினைத்தாலும் இப்படியொரு வரி போட முடியாது. ஆனால் ஒன்றிய அரசு இதே பாணியில் ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறது.

ராணிப்பேட்டை சாவுகள் நடந்த அதே 2015-இல், நவம்பர் 15 முதல், 'தூய்மை இந்தியா' மேல்வரி 0.5 சதவிகிதம். செல்போன் ரீசார்ஜிலும் ஏசி ஓட்டல் பில்லிலும் அதைக் கட்டினோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. நாட்டைச் சுத்தம் செய்ய என்று பிடித்த காசு, நாட்டைச் சுத்தம் செய்கிறவனைக் குழிக்குள் இறங்காமல் காப்பாற்றியதா? சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014-இல். அதை 30 லட்சமாக உயர்த்தியது 2023-இல். சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்தும் தேவை ஏன் வருகிறது?

தோல் ஷாப் குழியில் சாவு எப்படி வருகிறது என்று தெரியுமா? முடி நீக்கப் போடும் சல்ஃபைடின் மிச்சம் கழிவில் கிடக்கும். அதில் அமிலக் கழிவு வந்து கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அளவு மிஞ்சினால் ஒரிரு மூச்சிலேயே ஆள் சாய்வான். தூக்கப் போகிறவனும் சாய்வான். இதைத் தடுக்கத் தேவை இயந்திரமும் வாயு அளக்கும் கருவியும்தான். ஆனால் குழியில் இறங்க மலிவாக ஒரு தலித் உடல் கிடைக்கும்போது, கருவியை யார் வாங்குவார்கள்? சாதிதான் இங்கே முதலாளியின் செலவைக் குறைத்துக் கொடுக்கிறது.

சரி, விற்பனை வரியை யார் கட்டுவார்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கும் பெண் வீட்டுக்குப் போகும் வழியில் சோப்பு வாங்குகிறாள், டீத்தூள் வாங்குகிறாள். ஒவ்வொன்றிலும் வரி கட்டுகிறாள். அவள் தைத்த ஷூ ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகிறது. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். மூலப்பொருளுக்குக் கட்டிய வரியையும் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆக, ஆபத்தை உண்டாக்கும் சரக்கு வரியில்லாமல் போய்விடும். ஆபத்தில் வாழ்கிறவளின் சோப்பு வரி கட்டும். இதற்குப் பெயர் பகிர்வா?

வசூலித்த பணம் யாரைப் பாதுகாக்கும் என்பது அடுத்த கேள்வி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டிப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியைச் சாதி இந்துக்களின் நிலமும் வேலியும் மறித்திருந்தன. அந்தப் பாலத்தில் பத்து கேமரா வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கயிறு இன்னும் தெளிவாகப் பதிவாகியிருக்கும். 'பொது' என்பது ஊரோடு முடிந்துவிடுகிற இடத்தில், பொதுப் பாதுகாப்பு நிதி ஊருக்குக் காவலாகும், காலனிக்குக் கண்காணிப்பாகும்.

"அப்படியானால் வரியே வேண்டாமா?" வேண்டும் தோழர்களே. ஆனால் ஆபத்தை விற்று லாபம் பார்ப்பவரிடம் வசூலிக்க வேண்டும். இதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்பில் நம் மாவட்டத்தின் பெயர் 'வட ஆற்காடு அம்பேத்கர்'. அந்தத் தீர்ப்பு, நம் பாலாற்றங்கரையின் பாழ்பட்ட கிணறுகளிலிருந்து எழுந்தது.

அதன்படி 2001-இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிடப்பட்டது. 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்றுக்காக, பாக்கியிருக்கும் இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுங்கள், மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. சோப்பு வாங்கும் பெண்ணிடம் வரி பிடிக்க ஒரு நொடி போதும். ஆலையிடம் பாக்கி வசூலிக்க 24 ஆண்டு போதவில்லை.

"நெருக்கினால் கம்பெனி மூடிவிடும், வேலை போகும்" என்பார்கள். இந்த மிரட்டலுக்கு நாம் பழக்கப்பட்டவர்கள். வெளிநாட்டு பிராண்டுகள் ஒரு ஜோடிக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அந்தக் கடைகளில் விளக்கு அணைந்துவிடாது. சுமையை மேலே தள்ளுங்கள், கீழே அல்ல.

எனவே கேட்போம்: பதனிடும் தோலின் அளவுக்கேற்பத் தோல் ஷாப்பிடமும், ஏற்றுமதி மதிப்புக்கேற்ப ஷூ கம்பெனியிடமும் பாதுகாப்பு நிதி வசூலிக்கப்பட வேண்டும். அந்தப் பணம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலேயே செலவாக வேண்டும். செலவைத் தீர்மானிக்கும் குழுவில் தொழிலாளர்களும் காலனி மக்களும் பாதிக்குமேல் இருக்க வேண்டும். முதல் செலவு குழிக்கு இயந்திரம், இரண்டாவது குடிக்கத் தண்ணீர், மூன்றாவது சுடுகாட்டுக்குப் பாதை.

கேமரா வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.