பெயருக்கு முன் ஒலி

மதிப்பிற்குரிய விழுப்புரம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கப் பழகும் முறை பற்றித் தங்களுக்கு எழுதுகிறேன். எழுத்தின் பெயரைச் சொல்லித்தருமுன் அதன் ஒலியைச் சொல்லித்தர வேண்டும். அதற்கு முதலில் ஆசிரியர்களுக்கு அந்த ஒலிகளில் நல்ல பயிற்சி வேண்டும். இதுவே என் கோரிக்கை.

தமிழில் 'ப', 'ட', 'ம்' என்று சேர்த்துச் சொன்னால் 'படம்' வந்துவிடும். ஆங்கிலத்தில் 'சி, ஏ, டி' என்று எவ்வளவு உரக்கச் சொன்னாலும் 'கேட்' வராது. அதனால் பிள்ளை அந்தச் சொல்லை முழுதாக மனப்பாடம் செய்கிறது. கரும்பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்து எழுதும். முதல் எழுத்தை மாற்றி 'மேட்' என்று எழுதிக் காட்டினால் திகைத்து நிற்கும். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் அமைப்பின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரால்தான் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்தது.

எழுத்தின் ஒலியைக் கொண்டு வாசிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் முறை இந்த முடிச்சை அவிழ்க்கிறது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26, ஒலிகள் சுமார் 44. அகரவரிசைப்படி போகாமல் எஸ், ஏ, டி, ஐ, பி, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் பழக்குவார்கள். அந்த ஆறை வைத்தே பின், டின், பேண்ட் என்று வீட்டில் புழங்கும் சொற்களைப் பிள்ளை தானே கூட்டி வாசித்துவிடும்.

நம் பிள்ளைகளுக்குத் தனியாகக் கவனிக்க வேண்டியவையும் உண்டு. துணியில் குத்தும் பின்னுக்கும் டஸ்ட்பின்னில் வரும் பின்னுக்கும் தமிழில் ஒரே 'ப'தான். ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. 'ஃபேன்' பலருக்குப் 'பேன்' ஆகிறது. 'ஸ்கூல்' 'இஸ்கூல்' ஆகிறது. எழுதவைக்கும் முன் காதைப் பழக்கினால்தான் இவை தெளியும். ஆசிரியரின் வாயில் ஒலி தெளிவாக இல்லாவிட்டால் எந்தப் புத்தகமும் உதவாது.

ஃபோனிக்ஸ் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 'ஒன்', 'வாஸ்', 'செட்' போன்ற சொற்கள் ஒலி விதிக்குள் அடங்காதவை. அவற்றைத் தனியே பழக்க வேண்டும். பொருள் தெரியாமல் ஒலிப்பது வாசிப்பும் ஆகாது. கதையும் பாட்டும் பேச்சும் கூடவே வர வேண்டும். தமிழ் வாசிப்பும் உறுதிப்பட வேண்டும்.

தங்களால் செய்ய முடிந்தவை மூன்று. குறுவள மையக் கூட்டங்களில் மாதம் ஒரு முறை, உண்மையான பிள்ளைகளை வைத்து ஒரு மாதிரி ஒலி வகுப்பு நடக்கட்டும். ஒவ்வொரு பள்ளிக்கும், கற்ற ஒலிகளால் மட்டுமே ஆன சிறு வாசிப்பு நூல்கள் கிடைக்கட்டும். மூன்றாவது, சோதிக்கும் முறை. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்பு முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் அருகில் அமர்த்தி 40 சொற்களை வாசிக்கக் கேட்கிறார். அவற்றில் பாதி பொருளற்ற புதுச்சொற்கள் என்பதால் மனப்பாடம் அங்கே செல்லாது. இங்கும் அப்படி வாசிக்கக் கேட்டால், 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் யார் எங்கே நிற்கிறார் என்பது இன்னும் துல்லியமாகத் தெரியும்.

'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது இதே மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். மாநிலத்துக்கு முன்னே நடந்த மண் இது. கட்டணம் கட்டும் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பு, மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் தாயின் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியிலேயே கிடைக்க வேண்டும். வரும் கல்வியாண்டின் முதல் ஆசிரியர் பயிற்சியிலேயே இதைத் தொடங்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து ஓர் ஆசிரியர்