பினாங்கின் பந்தி

காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாட வந்த பட்டினப்பாலை, அத்துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களை வரிசைப்படுத்துமிடத்து, ஈழத்து உணவையும் காழகத்து ஆக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லுகின்றது. காழகம் என்பது கடாரம் என உரை கண்டார் நச்சினார்க்கினியர். அக்கடாரமே இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம் என்பர் ஆய்வாளர். அக்கெடாவின் கடற்கரையை ஒட்டி, ஒரு சிறு நீரிணைக்கு அப்பால் கிடக்கும் தீவுதான் பினாங்கு. பல மொழி பேசுவோர் கலந்து இனிது வாழும் பட்டினம் என்று புகாரைப் போற்றினார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். புகார் பழங்கதையாயிற்று. ஆயினும் அப்புலவர் கண்ட காட்சியை இன்றும் காண விழைவோர், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் ஒரு வேளை உணவு உண்டால் போதும் என்பது நம் கருத்து.

1786இல் பிரான்சிஸ் லைட் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இத்தீவைக் கைக்கொண்டார். துறைமுகம் எழுந்தது. கெடா மலாயரும், அச்சே நாட்டவரும், ஹொக்கியான், காண்டன் பகுதிச் சீனரும் வந்து குடியேறினர். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து நம்மவரும் சென்றனர். அவர்களைச் சூலியர் என்று வழங்கினர். சூலியா தெரு இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. அத்தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்காவும் உண்டு. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், மகாமாரியம்மன் கோயில், சீனரின் கருணைத் தெய்வமாகிய குவான் இன் கோயில், புனித ஜார்ஜ் ஆலயம் ஆகிய நான்கும் சில நிமிட நடைத் தொலைவுக்குள் அமைந்துள்ளன. வழிபாட்டிடங்கள் இவ்வாறு நெருங்கி நிற்கும் ஊரில் அடுப்புகள் மட்டும் விலகி நிற்குமா?

தோளில் வந்த சோறு

பினாங்கின் புகழ்பெற்ற உணவு நாசி கண்டார். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் இட்டுச் சுமக்கும் தண்டு. தமிழ் முஸ்லிம் எளியோர், நீண்ட தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிக் குழம்புகளையும் காவடிபோல் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளரிடம் சென்று விற்றனர். மூட்டை சுமந்தவனுக்குச் சோறு சுமந்தவன் படைத்த உணவு அது. பின்னர்த் தண்டு இறங்கியது, கடை எழுந்தது. காம்பல் தெருவின் ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டு முதல் விளங்கி வருகின்றது. மீன் குழம்பு, கோழி, மாட்டிறைச்சி எனப் பலவற்றின் சாற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சோற்றின்மீது ஊற்றுவதே அதன் தனிச்சுவை. 'பஞ்சிர்' என்று கேட்பார்கள். மலாய் மொழியில் வெள்ளம் என்று பொருள்.

இத்தகைய கடைகளை மாமக் கடைகள் என்பர். 'மாமா' என்னும் நம் உறவுப் பெயரே அவ்வாறு திரிந்தது என்று சொல்லுவர். வேற்று நாட்டில் ஓர் இனத்தாருக்கு உறவுச்சொல்லே பெயராய் அமைந்தது எண்ணி மகிழத்தக்கது. நம் அப்பம் அங்கே 'ஆப்போம்' ஆயிற்று. இடியாப்பம் 'புத்து மாயம்' ஆயிற்று. மாமக் கடையின் மீ கோரெங்கை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் நூடுல்ஸ் சீனருடையது. அதில் ஏறும் மசாலா நம்முடையது. பெயரில் உள்ள 'கோரெங்' மலாய். மூன்றையும் ஒரே இரும்புச் சட்டியில் வதக்கி எடுத்தவர் தமிழ் முஸ்லிம் சமையற்காரர். சீனர் மலாயருடன் கலந்து வாழ்ந்ததன் விளைவாய் நியோஞா சமையல் பிறந்தது. புளிப்பும் மீனும் கலந்த ஆசாம் லக்சாவைக் குடிக்கும்போது, மீன் குழம்பில் வளர்ந்த நம் நாவுக்கு அது முற்றிலும் அந்நியமாய்த் தோன்றுவதில்லை.

சகன் கற்பிக்கும் பாடம்

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தலாகாது. பினாங்கில் எல்லாரும் எல்லாவற்றையும் உண்பதில்லை. பன்றி இறைச்சி சேரும் சீனக் கடையில் முஸ்லிம் உண்ணமாட்டார். மாட்டிறைச்சி சமைக்கும் கடையை இந்துக்கள் பலர் தவிர்ப்பர். குவான் இன் தெய்வத்தை வணங்கும் சீனருள்ளும் மாட்டிறைச்சியை விலக்குவோர் உளர். வேறுபாடுகள் அனைத்தும் கரைந்துவிட்டன என்று மேடையில் முழங்குவது எளிது; அது மெய்யன்று. ஒருவர் விலக்குவதை மற்றவர் இகழாமல், அவர் உண்ணக்கூடியதை அறிந்து அங்கே அழைத்துச் செல்லும் பண்பையே நாம் ஒற்றுமை என்போம்.

நம் கடற்கரை ஊர்களில் சகன் சாப்பாட்டை அறியாதார் இலர். ஒரே தட்டைச் சுற்றிப் பலர் அமர்வர். எனினும் அவரவர் தமக்கு முன்னால் உள்ளதையே எடுத்து உண்பர். அருகில் இருப்பதை உண்ணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுக்கம் அது. தட்டு ஒன்று, எல்லை பல, சச்சரவு இல்லை. பினாங்கு நகரத்தை நாம் ஒரு பெரிய சகனாகவே காண்கின்றோம்.

யாருடைய உணவு?

யுனெஸ்கோ நிறுவனம் 2008இல் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. 2024இல் மலேசியாவின் காலையுணவுப் பண்பாடும் அந்நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்றது. நாசி லெமாவுடன் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அங்கே பேசப்பட்டன. பின்னிரண்டும் மாமக் கடைகளின் வழியே நாடெங்கும் பரவியவை என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பெருமை, உரிமைப் பூசலாய் மாறிவிடக் கூடாது. இது எங்களுடையது, அதை நீங்கள் எங்களிடமிருந்து எடுத்தீர்கள் என்று உணவுக்குப் பட்டா கேட்போர் எல்லா இனத்திலும் இருக்கின்றனர். மீ கோரெங்குக்கு யார் பட்டா எழுதுவது?

இதனினும் கவலை தருவது வேறொன்று. உள்ளூர்ச் சுவை கெடுகின்றது என்னும் காரணம் காட்டி, குறிப்பிட்ட சில தெருக்கடை உணவுகளை அயல்நாட்டவர் சமைக்கலாகாது என்று பினாங்கு மாநில அரசு 2014இல் அறிவித்தது; 2016 முதல் அத்தடை நடைமுறைக்கு வந்தது. சுவையைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. தலைமுறை தலைமுறையாய் வந்த கைப்பக்குவம் அழிந்தால் மீண்டும் வாராது. ஆயினும் ஒரு வினா எழுகின்றது. தோளில் தண்டு சுமந்து சூலியா தெருவில் நடந்தவர் எந்த நாட்டவர்? வாணலியோடு வந்த ஹொக்கியானியர் எந்த நாட்டவர்? இந்தத் தடை அன்றே இருந்திருப்பின், இன்று காக்கவேண்டிய சுவை ஏது? கைப்பக்குவம் குருதியில் வருவதன்று. பக்கத்தில் நின்று பழகுவதால் வருவது. ஆகவே சமைப்பவரின் பிறப்பிடத்தைக் கேட்பதை விடுத்து, அவர் யாரிடம் எத்தனை காலம் பயின்றார் என்று கேட்பதே முறை.

உண்மையில் அடுப்புகளை அணைப்பவை வேறு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000இல் முடிவுக்கு வந்தபின், பழைய குடிகள் பலர் நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேறினர். பாரம்பரியப் புகழ் வந்தபின் கட்டடங்களின் விலையும் உயர்ந்தது. விடியலுக்கு முன் எழுந்து நெருப்பின் முன் நிற்கும் தொழிலைப் பிள்ளைகள் விரும்பவில்லை. படிக்கவைத்த பெற்றோரும் அதை விரும்பவில்லை. அதில் தவறும் இல்லை. சுவை மட்டும் பழையதாய் இருக்க வேண்டும், விலையும் பழையதாகவே இருக்க வேண்டும் என்று நாம் கேட்டால், அந்தச் சுமையைத் தாங்கும் தோள் எங்கிருந்து வரும்?

நமக்கும் உரியது

இவை யாவும் கடல் கடந்த ஊரின் செய்தி என்று தள்ளிவிட முடியாது. ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து ஏறிச் சென்றோரின் உறவினர் நாம். மொழியறியாத ஊரில் அவர்கள் சுமந்த தண்டின் பயனாய் இங்கே வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர். இன்று நம் ஊர் உணவகங்களில் பரோட்டாவுக்கு மாவு பிசைபவரும் மேசை துடைப்பவரும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களின் தமிழைக் கேட்டு நாம் நகைக்கின்றோம், பெயரைக் கேட்பதில்லை. பினாங்கில் நம்மவரை 'மாமா' என்று அழைத்தார்கள். நம் ஊருக்கு வந்தவரை நாம் எந்த உறவு சொல்லி அழைக்கப் போகின்றோம்?

விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. வந்தவருக்கு உணவளிப்பது அதன் ஒரு பாதி. வந்தவர் சமைத்துத் தரும் உணவை நன்றியோடு உண்பது அதன் மறுபாதி என்பதைப் பினாங்கின் பந்தியில் அமர்ந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.