பனையில் குழாய் கட்டிப் பதநீர் இறக்கலாமா?

சாத்தான்குளம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: 'கனடாவில் மேப்பிள் மரங்களில் பிளாஸ்டிக் குழாய் கட்டி, சாற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறார்களாம். நம் பனையிலும் அப்படிச் செய்தால் ஏறும் வேலை குறையாதா? வீட்டில் கிடக்கும் பழைய சொட்டுநீர்க் குழாய்களை இதற்குப் பயன்படுத்தலாமா?'

பனையேற ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு மரங்களும் சாறு தரும் விதம் வேறு. மேப்பிள் மரத்தின் அடிப்பகுதியில், ஆள் நின்ற வாக்கிலேயே சுமார் 5 செ.மீ. ஆழத்துக்குத் துளை போடுகிறார்கள். அந்த ஒரு துளை பருவம் முழுவதும் சாறு தரும். இரவில் உறைபனி, பகலில் லேசான வெப்பம் என்ற குளிர்காலக் கடைசியில் இது நடப்பதால் சாறு எளிதில் புளிக்காது.

பனையில் சாறு வருவது உச்சியில் உள்ள பாளையிலிருந்து. அதன் நுனியைக் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவினால்தான் சாறு ஓடும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே, குழாய் கட்டினாலும் மரம் ஏறித்தான் ஆகவேண்டும். கலயத்தைச் சுமந்து இறங்கும் பாரம் மட்டுமே குறையும்.

அடுத்தது சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்புதான் சாறு புளிக்காமல் காக்கிறது. குழாயின் உள்ளே அப்படித் தடவ முடியாது. பங்குனி, சித்திரை வெயிலில் குழாயில் தங்கும் சாறு சில மணி நேரத்தில் நுரைத்துவிடும். புளித்த சாறு கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. அந்தச் சாறு நல்ல பதநீரோடு கலந்தால், விடிலியில் எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாமல் பிசுபிசுக்கும். விறகும் உழைப்பும் வீண்.

பழைய சொட்டுநீர்க் குழாய் கூடவே கூடாது. அதன் வழியாக உரக்கரைசலும், அடைப்பு நீக்கும் அமிலமும் போயிருக்கும். எவ்வளவு கழுவினாலும் உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பதநீரைப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கலயத்தில் சேர்ந்த பதநீரைக் கீழே இறக்க மட்டும் குழாய் வைத்துப் பார்க்க நினைப்பவர்கள், உணவுப் பொருளுக்கென்றே விற்கும் புதிய குழாயை வாங்க வேண்டும். எங்கும் தொய்வு இல்லாமல் நேராகத் தொங்கவிட வேண்டும். தொய்வில் தேங்கும் சாறுதான் முதலில் புளிக்கும். பதநீர் இறங்கியதும் நல்ல தண்ணீர் விட்டு அலசி, நீர் முழுவதும் வடியும்படி நிழலில் தொங்கவிட வேண்டும். உள்ளே வழவழப்போ புளித்த வாடையோ இருந்தால் அந்தக் குழாயை மறுபடி பயன்படுத்தக் கூடாது. கனடா விவசாயிகளும் பருவம் முடிந்ததும் குழாய்களைக் கழுவி வடியவிடுகிறார்கள். மரத்தில் செருகும் முனையை ஆண்டுதோறும் புதிதாக மாற்றுவதே நல்லது என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

குழாய்க்குச் செலவழிப்பதைவிடக் கலயத்தைக் கவனிப்பது லாபம். பழைய படிவைச் சுரண்டிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு முறையும் புதுச் சுண்ணாம்பு தடவ வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும். கூடினால் கருப்பட்டியின் சுவையும் நிறமும் கெடும். உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும் நிலையில், இந்தத் தரத்தைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஏறும் சிரமத்தைக் குறைக்க மரம் ஏறும் கருவிகள் உள்ளன. வேளாண் அலுவலரிடம் விசாரிக்கலாம். பனையேறுபவர்கள் பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வது அதைவிட முக்கியம். தவறி விழுந்த பிறகு பதிவைத் தேடி அலைவதில் பயனில்லை.